பிட்டுக்கு மண் சுமந்தவரும் சிலுவை சுமந்தவரும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர் மரக்காணத்தை நெருங்கும்போது முதலில் அவர்கள் கண்ணில் படுவது கடல் அன்று, உப்பு. சதுரம் சதுரமாகக் கட்டிய பாத்திகளில் உவர்நீர் தேங்கி நிற்கும். அவற்றினருகே வெள்ளை அம்பாரங்கள் வெயிலில் கண்ணைப் பறிக்கும். பக்கிங்ஹாம் கால்வாய் தன் தெற்கு எல்லையை அடைவது இந்தப் பிரதேசத்தில்தான். கழுவேலி என்னும் பெரிய உவர்நீர் ஏரியும் அருகிலேயே இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்விடமே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. ஊரிலுள்ள பூமீசுவரர் கோவிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைக் காணலாம்.

மார்கழி பிறந்துவிட்டால் இக்கடற்கரை ஊர்களில் ஒரு புறம் திருப்பாவை கேட்கும். மறுபுறம் கிறிஸ்துவர் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்களுக்குள் விளக்கு எரியும். இரண்டையும் பார்க்கும் நம் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "அவர்களுடைய கடவுள் ஒருவரா, மூவரா? கடவுளுக்கு மகன் எப்படி இருக்க முடியும்? மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தை எப்படிக் கடவுளாகும்?" என்று கேட்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர், "எல்லாம் ஒன்றுதான், போ" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த விடையில் அன்பு உண்டு; ஆனால் அறிவு இல்லை. அயலாருடைய நம்பிக்கையை, "ஆம், நாங்கள் நம்புவது இதைத்தான்" என்று அவர்களே ஒப்பும்படி தெரிந்துகொள்வது ஒரே தேசத்து மக்களாக வாழ்வோரின் கடமை. அந்த நோக்கத்துடனேயே இவ்விஷயத்தை இங்கே எடுத்துக்கொள்கிறோம். யாரையும் மாற்றவும் அன்று, யாரையும் மறுக்கவும் அன்று.

நீரில் கரைந்த உப்பு

கடவுளின் தன்மையை விளக்க உப்பைக் காட்டிலும் நல்ல உவமை நம் முன்னோருக்குக் கிடைக்கவில்லை போலும். சாந்தோக்கிய உபநிஷத்தில் உத்தாலகர் தம் குமாரன் சுவேதகேதுவை அழைத்து, உப்புக்கட்டியை இரவில் நீரில் போட்டு வைக்கச் சொல்லுகிறார். காலையில் உப்பைக் காணோம். மேல் நீரை அருந்தினாலும், நடு நீரை அருந்தினாலும், அடி நீரை அருந்தினாலும் உவர்ப்புத்தான். கண்ணுக்குத் தெரியாத பொருள் எங்கும் நிறைந்திருக்கிறது என்பது பாடம். ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் கடலின் ஆழத்தை அளக்கப் போன உப்புப் பொம்மையின் கதையைச் சொல்வார். பொம்மை கரைந்தே போயிற்று. திரும்பி வந்து ஆழம் சொல்ல ஆள் இல்லை.

இவ்விரு கதைகளிலும் உப்பு நீருக்குள் மறைகிறது. மரக்காணத்து உப்பளத்தில் நடப்பதோ இதற்கு நேர்மாறான காரியம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் கரைந்திருக்கின்றன. கண்ணுக்கு அவை தெரிவதில்லை. பருவமழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கியதும் உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி நிறுத்துகிறார்கள். சூரியனும் காற்றும் நீரை வற்றச் செய்ய, மறைந்திருந்தது மணி மணியாக உருவெடுத்துக் கைக்கு அகப்படுகிறது. காணாதது காணும் பொருளாகிறது. கிறிஸ்துவர்கள் இயேசுநாதரைப் பற்றிச் சொல்வதும், முதல் நோக்கில், இத்தகையதே. எங்கும் நிறைந்தும் ஒருவராலும் காணப்படாமலும் இருந்த கடவுள், ஒரு காலத்தில், ஓர் ஊரில், கைக்கு அகப்படும் மனிதராக வந்தார் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஆனால் உவமை முழுதும் பொருந்தாது. உப்பு விளைந்த பாத்தியில் நீர் போய்விடுகிறது. உப்பாகி விட்டது இனிக் கடல் அன்று. கடவுள் மனிதரானபோது கடவுளாயிருப்பதை விட்டுவிட்டார் என்று கிறிஸ்துவர் சொல்வதில்லை. அவர்களுடைய பழைய ஆசாரியர்கள் கொல்லன் உலையிலிருந்து ஓர் உவமை எடுத்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பும் இருக்கிறது, இரும்பும் இருக்கிறது. நெருப்பு இரும்பாகி விடவில்லை. இரும்பும் நெருப்பாகி விடவில்லை. எனினும் அதைத் தொடுகிறவன் இரண்டையும் ஒருங்கே தொடுகிறான்.

ஒருவரா, மூவரா?

இக்கேள்விக்குக் கிறிஸ்துவர்கள் கூறும் விடை, "ஒருவரே" என்பதுதான். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று பெயர் சொன்னாலும் தெய்வம் மூன்று அன்று. நம்மவர் இதை உடனே மும்மூர்த்திகளோடு ஒப்பிடுவது வழக்கம். அது பொருந்தாது. படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் தொழில்களை மூவருக்குப் பங்கிட்டுக் கொடுத்தது மும்மூர்த்திக் கொள்கை. திரித்துவத்திலோ தொழிற்பங்கீடு பிரதானம் அன்று; உறவே பிரதானம். கடவுள் தம்முள்ளேயே அன்பு செலுத்துபவராகவும், அன்பைப் பெறுபவராகவும், அந்த அன்பாகவும் இருக்கிறார். உலகம் உண்டாவதற்கு முன்பும் அவர் தனிமையில் இருந்ததில்லை என்று அவர்கள் விளக்குவார்கள்.

"மகன்" என்னும் சொல்லும் இவ்வாறே. ஸ்தூலமான பிறப்பை அது குறிப்பதன்று. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. இரண்டும் ஒரே நெருப்பு. மனத்தில் தோன்றும் எண்ணம் வாக்காக வெளிப்படுகிறது. வாக்கு மனத்துக்கு அந்நியம் அன்று. யோவான் எழுதிய சுவிசேஷம் இயேசுவை அப்படித்தான், கடவுளின் வாக்கு என்று, அறிமுகப்படுத்துகிறது.

இந்தக் கருத்தை நம் தேசத்து மொழியிலே சொல்ல முயன்றவர்களுள் முக்கியமானவர் வங்காளத்துப் பிரம்மபாந்தவ உபாத்தியாயர். பிராமணக் குலத்தில் பிறந்து 1891-ல் கத்தோலிக்கரான அவர் காவியுடுத்த சந்நியாசியாகவே வாழ்ந்தார். திரித்துவத்தைச் சச்சிதானந்தம் என்று பாடி ஸம்ஸ்கிருதத் தோத்திரம் இயற்றினார். அவரே "ஸந்தியா" பத்திரிகையை நடத்திச் சுதேசிக் கனலை மூட்டியவர். ராஜத்துரோக வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1907-ல் காலமானார். கிறிஸ்துவன் என்றால் அந்நியன் என்று எண்ணுவோர் அவர் சரித்திரத்தைப் படிப்பது நலம்.

சர்ச்சை நடந்த விதம்

இயேசு யார் என்னும் விஷயம் கிறிஸ்துவர்களுக்குள்ளேயே எளிதில் தீரவில்லை. ஆதியில் ஒரு சாரார், கடவுள் பசிப்பதும் வியர்ப்பதும் தகுமா என்று கூசி, அவ்வுடல் வெறும் தோற்றமே என்றனர். நான்காம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியா நகரத்துக் குருவாகிய ஆரியுஸ் என்பவர் எதிர்ப்புறத்திலிருந்து கிளம்பினார். இயேசு மிக உயர்ந்தவர்தாம், ஆனாலும் படைக்கப்பட்டவர், ஆகையால் கடவுளுக்கு ஒரு படி கீழானவர் என்பது அவர் வாதம். ரோம சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 325-ல் நிக்கேயா என்னும் ஊரில் கூட்டிய சபை அவ்வாதத்தை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே வஸ்துவானவர் என்று முடிவு செய்தது. 2025-ல் உலகெங்கும் கிறிஸ்துவர்கள் நினைவுகூர்ந்தது அச்சபையின் 1,700-ஆம் ஆண்டு நிறைவையே.

பின்னர் 451-ல் கால்சிதோன் சபை கூடியது. ஒரே ஆளாகிய இயேசுவினிடம் தெய்வத் தன்மை, மனிதத் தன்மை இரண்டும் முழுமையாக உண்டு. அவை ஒன்றோடொன்று குழம்புவதுமில்லை, மாறுவதுமில்லை, பிரிவதுமில்லை, விலகுவதுமில்லை என்றது அதன் தீர்மானம். எகிப்து, ஆர்மீனியா, சிரியா தேசங்களின் பழைய சபைகள் இந்தச் சொற்களை ஏற்கவில்லை. நம் அண்டையிலுள்ள மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையார் இன்றும் அந்தக் கீழைச் சபைகளின் குடும்பத்தைச் சேர்ந்தவர்களே. சொற்களுக்காக இத்தனை சண்டையா என்று தோன்றலாம். வேதாந்தத்தில் துவைதம், அத்வைதம், விசிஷ்டாத்வைதம் என்று நம்மவர் செய்த வாதங்களை எண்ணிப் பார்த்தால் வியப்பு அடங்கும். நம்பிக்கையைப் பெரிதாகக் கருதுவோர் சொல்லையும் பெரிதாகவே கருதுவர்.

தமிழ் தந்த சொற்கள்

இந்தக் கொள்கை தமிழ்நாட்டுக்கு வந்தபோது முதற் கஷ்டம் சொற்களால் ஏற்பட்டது. 1606-ல் மதுரைக்கு வந்து சந்நியாசி வேஷம் பூண்ட ராபர்ட் டி நொபிலி காலத்திலிருந்து கத்தோலிக்கர் கடவுளைச் சர்வேசுரன் என்றனர். பரிசுத்த ஆவிக்குத் தமிழ்ச் சொல் காணத் தயங்கி, போர்த்துகீசியச் சொல்லையே "இஸ்பிரீத்துசாந்து" என்று வெகு காலம் வழங்கினர். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். அது அவ்வூரிலேயே 1715-ல் அச்சாகி முடிந்தது. பின்பு வந்த பப்ரிசியுஸ் பராபரன் என்னும் சொல்லை ஆண்டார். 1871-ல் வெளியான மொழிபெயர்ப்பு தேவன் என்றது. 1995-ல் வந்த திருவிவிலியம் கடவுள் என்கிறது. இவ்வளவு சொற்களையும் தாங்கி நின்றது தமிழ். அவற்றுள் கடவுளைக் குறித்த சொல் ஒன்றுகூடக் கிறிஸ்துவர் புதிதாகச் செய்ததன்று. சைவரும் வைணவரும் புழங்கிப் பழகிய சொற்களே.

இவற்றில் மிகவும் சங்கடமான சொல் "அவதாரம்". இறங்கி வருதல் என்பது அதன் பொருள். மனுஷாவதாரம் என்று கத்தோலிக்கர் இசைந்து வழங்கினர். மற்றவருள் பலர் அச்சொல்லைக் கண்டு அஞ்சினர். ஏனெனில் அவதாரம் என்றால் யுகந்தோறும் வருவது. இயேசு வந்ததோ ஒரே முறை. வைணவ சித்தாந்தத்தில் அவதாரத் திருமேனி சுத்த சத்துவமயமானது. நம் உடலைப் போன்ற பிராகிருதம் அன்று. கிறிஸ்துவரோ அந்த உடல் நம் உடலேதான், பசித்தது, களைத்தது, இரத்தம் சிந்திச் செத்தது என்று வற்புறுத்துகின்றனர். கீதையில் பகவான் வருவது நல்லோரைக் காத்துத் தீயோரை அழிப்பதற்கு. சுவிசேஷத்தில் அவர் வருவது தீயோரைத் தேடுவதற்கு. அவர்கள் கையாலேயே மாள்கிறார்.

இப்படிப்பட்ட வித்தியாசங்களையெல்லாம் நன்கறிந்தும், அஞ்சாமல் அச்சொல்லை எடுத்துக்கொண்டவர் சென்னை வெங்கல் சக்கரைச் செட்டியார். 1880-ல் ஹிந்துக் குடும்பத்தில் பிறந்து, சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் தத்துவம் பயின்று, 1903-ல் ஞானஸ்நானம் பெற்ற வக்கீல் அவர். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டவர். சென்னையின் மேயராக 1941-ல் அமர்ந்தவர். 1920-களின் பிற்பகுதியில் இயேசுவை அவதாரமாகக் கொண்டு ஓர் ஆங்கில நூல் எழுதினார். மற்ற அவதாரங்கள் காரியம் முடிந்ததும் மறைந்துவிடும். இயேசுவின் அவதாரமோ நிலையானது, மனிதத் தன்மையை அவர் சட்டையைப் போல் கழற்றி எறிந்துவிடவில்லை, மனிதர் உள்ளத்தில் அவர் இன்றும் கிரியை செய்கிறார் என்பது அவர் நூலின் சாரம். அதே காலத்தில் பாளையங்கோட்டையில் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்த அ. ஜ. அப்பாசாமி, இராமாநுஜருடைய அந்தர்யாமிக் கொள்கையின் துணைகொண்டு யோவான் சுவிசேஷத்தை விளக்கி, கிறிஸ்துவ மதத்தைப் பக்தி மார்க்கமாகக் காட்டினார்.

சக்கரைச் செட்டியாரைப் பற்றி இன்னொரு செய்தி சொல்லாமல் விடலாகாது. திரு. வி. க., சிங்காரவேலர் முதலியோரைப் போல அவரும் சென்னைத் தொழிலாளர் இயக்கத்தில் உழைத்தவர். 1954-ல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைவரும் ஆனார். தெய்வம் மனித உடல் எடுத்ததைப் பற்றிப் புத்தகம் எழுதிய அதே மனிதர், மில் தொழிலாளியின் உடல் படும் பாட்டைப் பற்றியும் பேசினார். இவை இரண்டும் அவருக்கு வெவ்வேறு காரியங்களாக இருந்தன என்று நமக்குத் தோன்றவில்லை.

பிரம்படி விழுந்த இடம்

தெய்வம் எளிய வேஷத்தில் வருவது தமிழருக்குப் புதிதன்று. வெண்ணெய் திருடி உரலோடு கட்டுண்ட கண்ணனை நினைத்து நம்மாழ்வார் ஆறு மாதம் மோகித்துக் கிடந்தார் என்பது வைணவர் மரபு. சிவபெருமான் கருவில் வந்து பிறப்பதில்லை என்பது சைவர் கொள்கை. ஆயினும் மதுரையிலே அவர் கூலியாளாக வந்தார். வைகையில் வெள்ளம் வந்தது. வீட்டுக்கோர் ஆள் கரையடைக்க வேண்டும் என்பது பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டே கூலியென்று பேசிக்கொண்டு ஓர் இளைஞன் வந்தான். மண் சுமந்தான், ஆடினான், பாடினான், உறங்கினான். அவன் பங்குக் கரை அடைபடவில்லை. பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் முதுகிலும் விழுந்தது. மதுரையில் ஆண்டுதோறும் ஆவணியில் இத்திருவிளையாடலை விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

இந்தக் கதையின் அருகில் சிலுவைக் கதையை வைத்துப் பார்த்தால், கிறிஸ்துவரின் நம்பிக்கை எங்கே ஒத்துவருகிறது, எங்கே விலகுகிறது என்பது நூறு தர்க்கங்களைவிடத் தெளிவாக விளங்கும். தெய்வம் உழைப்பாளியாக வந்தது, அதிகாரத்தின் கையால் அடிபட்டது என்பது இரண்டுக்கும் பொது. ஆனால் மதுரையிலே ஒருவர்மேல் விழுந்த அடி எல்லார்மேலும் விழுந்தது. எருசலேமிலே, கிறிஸ்துவர் நம்புகிறபடி, எல்லார்மேலும் விழவேண்டிய அடி ஒருவர்மேல் விழுந்தது. முதற் கதை, அவர் எல்லாவற்றினுள்ளும் இருக்கிறார் என்று கற்பிக்கிறது. இரண்டாம் கதை, அவர் எல்லாருக்காகவும் நின்றார் என்கிறது. முதலில் சொன்னது உபநிஷத்து உப்பின் பாடம்; கடவுள் நீர்முழுதும் பரவியிருக்கிறார். இரண்டாவது, ஓர் இடத்தில் திரண்ட உப்பின் பாடம். "எல்லாம் ஒன்றுதான்" என்று பிள்ளையை அனுப்பிவிட்டால் இந்த நுட்பத்தை அவன் என்றைக்கும் அறியான்.

காந்தியடிகள் இந்த நுட்பத்தை அறிந்தே மறுத்தவர். இயேசுவின் மலைப்பிரசங்கம் அவர் நெஞ்சைக் கவர்ந்தது. எனினும் கடவுளுக்கு இயேசு ஒருவரே அவதார புத்திரர் என்பதைத் தம்மால் ஏற்க முடியவில்லை என்று சுயசரிதையில் வெளிப்படையாகவே எழுதினார். அப்படிப்பட்டவர் 1931 டிசம்பரில் ரோமாபுரிக்குச் சென்றபோது, வாட்டிகனில் சிலுவையில் தொங்கும் உருவத்தின் முன் கண்ணீர் மல்க நின்றார். தத்துவத்தை ஏற்காமலே அந்த உடலின் துன்பத்துக்குத் தலை வணங்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? உப்பைக் கையிலெடுத்து 1930-ல் தண்டிக் கரையில் சட்டத்தை மீறியவரும், வேதாரணியத்தில் ராஜாஜியைத் தூண்டியவரும் அவரே. ஏழையின் உடல் வேண்டுகிற பொருளுக்கு வரி போடலாகாது என்பதுதானே அந்தப் போராட்டத்தின் சாரம்?

கொள்கையும் நடப்பும்

எந்த நம்பிக்கைக்கும் பரீட்சை அதன் நடைமுறையிலே இருக்கிறது. மரக்காணம் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்தில் அன்று சேர்ந்திருந்ததும், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளதுமான எறையூரில், 2008 மார்ச் மாதம் தலித் கிறிஸ்துவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டதையொட்டிக் கலகம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இருவர் உயிரிழந்தனர். கடவுளே மனித உடல் எடுத்தார் என்று ஞாயிறுதோறும் அறிக்கை செய்யும் ஊரில், அடுத்தவன் உடலோடு ஒரே ஆலயத்தில் சமமாக நிற்க மனம் வரவில்லை. நாம் சிரிக்க நியாயமில்லை. இதே மாவட்டத்து மேல்பாதியில், தலித் மக்கள் உள்ளே வரலாமா என்னும் தகராறினால் திரௌபதி அம்மன் கோவிலுக்கு 2023 ஜூனில் அதிகாரிகள் முத்திரையிட வேண்டி வந்தது. கூலியாளின் தலையில் மண்கூடையை ஏற்றிய தெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் வாழும் மாவட்டம் அது.

ஆகவே "கடவுள் மனிதரானார்" என்பது நூலோர்க்கு மட்டும் உரிய வாதம் அன்று. அதை நம்புகிறவருக்கு அது ஒரு கட்டளை. மனித உடலில் இழிவான உடல் என்று ஒன்று இல்லை. இருந்தால் கடவுள் அதை எடுத்திருக்க மாட்டார். நம்பாதவர்க்கும் அதில் ஒரு கேள்வி இருக்கிறது. மரக்காணத்து உப்பளத்தில் வெயில் மேலேயும் கீழேயும் அடிக்கிறது. வெள்ளைப் பரப்பிலிருந்து எதிரொளிக்கும் ஒளி கண்ணைக் கெடுக்கிறது. உவர்நீரில் ஊறிய பாதங்கள் வெடித்துப் போகின்றன. மழைக்காலம் வந்தால் வேலையே நின்றுவிடுகிறது. அங்கே உப்பு வாரும் ஆணையும் பெண்ணையும் நாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோம்?

வருகிற மார்கழியில் நம் வீட்டுப் பிள்ளை அந்த நட்சத்திர விளக்கைக் காட்டிக் கேட்டால், உட்காரவைத்துச் சொல்லுவோம். "அவர்களுக்கும் கடவுள் ஒருவரே. அவர் ஒரு தச்சன் வீட்டில் ஏழைக் குழந்தையாகப் பிறந்து, உழைத்து, அடிபட்டு இறந்து, மீண்டும் எழுந்தார் என்று நம்புகிறார்கள். நாம் அப்படி நம்புவதில்லை; ஆனால் நம் சொக்கநாதரும் ஒரு நாள் கூலிக்கு மண் சுமந்தார்" என்று சொல்லுவோம். வித்தியாசத்தையும் ஒற்றுமையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை இரண்டு வீட்டையும் மதிக்கக் கற்றுக்கொள்ளும். உப்பளத்தில் வேலை செய்கிறவரைக் கண்டால், "நீ" என்று சொல்ல வாயெடுக்குமுன் சற்று நிதானிக்கவும் கற்றுக்கொள்ளும்.